மலைநகரும் கடற்கரையும்: கண்டி பற்றிய மூன்று கதைகள்

1

கண்டியைப் பற்றித் தமிழில் எழுதப்படும் பயணக் கட்டுரைகளுக்கு ஒரு நிலையான அமைப்பு உண்டு. ஏரிக்கரையிலே தொடங்கித் தலதா மாளிகையை அடைந்து, நாத, விஷ்ணு, பத்தினி தேவாலயங்களைத் தொட்டு, அருகிலுள்ள தூய பவுல் ஆலயத்தையும் சற்றுத் தள்ளியுள்ள கதிர்காமத் தேவாலயத்தையும் மீராமக்காம் பள்ளிவாசலையும் எண்ணிச் சேர்த்து, 'பல பண்பாடுகள் கலந்து வாழும் நகர்' என்ற தீர்ப்புடன் முடிவதே அவ்வமைப்பு. 1988இல் யுனெஸ்கோ நிறுவனம் கண்டியை உலக மரபுரிமைப் பட்டியலிற் சேர்த்த பின்னர் இத்தீர்ப்புக்கு ஓர் அனைத்துலக முத்திரையும் கிடைத்துவிட்டது.

அத்தீர்ப்புப் பொய்யன்று. 1739 முதல் 1815 வரை தென்னிந்திய நாயக்கர் வழிவந்தோர் சிங்கள அரியணையில் அமர்ந்து ஆண்ட நகர் அது. 1815 மார்ச் 2ஆம் நாளைய கண்டி ஒப்பந்தத்திலே பிரதானிகளிற் சிலர் தமிழ் எழுத்திற் கையொப்பமிட்டனர். கோபால என்ற பெயர் பெற்ற முஸ்லிம் வைத்தியக் குடும்பத்தினர் அரண்மனை வைத்தியராயிருந்தனர். நகரிலிருந்து சில மைல் தொலைவிலுள்ள கடலாதெனிய விகாரை 1344இல் கணேசுவராசாரி என்ற தென்னிந்தியச் சிற்பியின் தலைமையில் எழுந்தது. ஆகவே கலப்பு உண்மையே. அக்கலப்பை உண்டாக்கியோர் யாவர், எத்தேவை அதனை உண்டாக்கியது, அதன் பயனை அடைந்தோர் யாவர் என்னும் வினாக்களையே பயணக் கட்டுரை தவிர்த்துவிடுகின்றது.

கல்முனைக் கடற்கரையிலிருந்து கண்டிக்குச் செல்லும் ஒருவருக்கு இவ்வினாக்கள் தவிர்க்க முடியாதவை. கல்முனைக்குடி, சாய்ந்தமருது, மருதமுனை, நிந்தவூர் ஆகிய ஊர்களின் முஸ்லிம் மக்கள் இத்தீவிலே தம் இருப்புக்குச் சான்றாக அடிக்கடி எடுத்துக்காட்டும் வரலாறு கண்டியரசோடு பிணைந்தது. அப்பிணைப்பைக் கூறும் மூன்று கதைகளை இலக்கியப் பனுவல்களை ஆராய்வது போன்று ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். ஒன்று மலையிற் சொல்லப்படுவது. ஒன்று வழியிற் சொல்லப்படுவது. மற்றையது கரையிற் சொல்லப்படுவது.

2

மலையின் கதை நன்கறியப்பட்டது. 1626இல் போர்த்துக்கேயர் தம் ஆட்சிக்குட்பட்ட பகுதிகளிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றினர். அவ்வாறு வந்தோரைக் கண்டி மன்னன் சேனரத் ஏற்று, நாலாயிரம் பேரை மட்டக்களப்பிற் குடியேற்றினான் என்பது கதை. மேடைப் பேச்சுக்களிலும் நல்லிணக்கக் கூட்டங்களிலும் இது ஓயாது எடுத்துரைக்கப்படுகின்றது.

இக்கதையின் ஊற்று யாது? நாலாயிரம் என்ற தொகையைத் தருபவர் குவேறோஸ் பாதிரியார். அவர் முஸ்லிம்களின் நண்பரல்லர். போர்த்துக்கேயத் திருச்சபையின் பணியாளர். ஏறத்தாழ அறுபது ஆண்டுகளின் பின்னர் கோவாவிலிருந்து எழுதியவர். பகைவன் தரும் சான்று என்பதால் இது வலுப்பெறலாம். ஆயின் சேனரத்தின் உள்ளத்தில் இரக்கம் மேலோங்கியதா, அரசியற் கணிப்பு மேலோங்கியதா என்பதைச் சொல்லும் தகுதி அச்சான்றுக்கு இல்லை. 1628இல் போர்த்துக்கேயர் மட்டக்களப்பிற் கோட்டை கட்டினர் என்பதனை இதனுடன் சேர்த்து நோக்குதல் வேண்டும். கடல்வழி அடைபட்டுக்கொண்டிருந்த ஒரு மலையரசுக்குக் கீழைக் கரையிலே நெல் விளைக்கவும், தோணி செலுத்தவும், படைக்கு உதவவும் வல்ல மக்கள் தேவைப்பட்டனர். 1638இல் இரண்டாம் இராசசிங்கன் ஒல்லாந்தரோடு கூடி அக்கோட்டையைக் கைப்பற்றியமை அத்தேவை எத்துணை உயிர்நிலையானது என்பதைக் காட்டும்.

'மன்னன் புகலிடம் தந்தான்' என்னும் வாக்கியத்தில் எழுவாய் மன்னன். மக்கள் செயப்படுபொருளாகவேனும் நிற்கவில்லை. கொடை பெறுவோராக நான்காம் வேற்றுமையில் ஒதுங்கிநிற்கின்றனர். இவ்விலக்கண அமைப்புக்கு ஓர் அரசியல் விளைவு உண்டு. கொடையாகப் பெற்றது கொடுத்தவனின் வழித்தோன்றல்கள் மனம் மாறுமிடத்து மீளக் கேட்கப்படலாம். விருந்தினர் என்ற நிலை எத்துணை மதிப்புடையதாயினும் உரிமையாளர் நிலை ஆகாது. நம்மவர் இக்கதையைப் பெருமையோடு மேடையேற்றும்போது தம்மைத் தாமே விருந்தினராக அறிவித்துக்கொள்கின்றனர் என்பது மனங்கொள்ளத்தக்கது. கரையிலே 1626க்கு முன்னரே வாழ்ந்த முஸ்லிம்களும் இக்கதையின் பெருவெளிச்சத்தில் மறைந்துபோகின்றனர்.

3

வழியின் கதை மகியங்கனைக்கு அருகிலுள்ள பங்கரகம்மனை என்ற முஸ்லிம் கிராமத்தோடு தொடர்புடையது. போர்த்துக்கேயரிடமிருந்து தப்பியோடிய கண்டி மன்னன் ஒரு மரப்பொந்தில் ஒளிந்தான். அவ்விடத்தை அறிந்திருந்த முஸ்லிம் பெண் ஒருத்தி காட்டிக்கொடுக்க மறுத்ததனால் வெட்டுண்டு மாண்டாள். வெளியே வந்த மன்னன் 'என்னைக் காத்த இரத்தம்' எனப் பொருள்படும் சிங்களத் தொடரான 'மா றெக்க லே' எனக் கூறினான். முஸ்லிம்களைக் குறிக்கும் 'மரக்கல' என்ற சிங்களச் சொல் அவ்வாறு பிறந்தது என்பர்.

சொல்லாராய்ச்சி இதனை ஏற்காது. 'மரக்கல' என்பது மரக்கலத்தோடு, அதாவது கடலோடும் தொழிலோடு, தொடர்புடைய சொல்லென்பது வெளிப்படை. எனினும் ஒரு கதையின் சொற்பிறப்பு விளக்கம் பிழையென்பதனால் அக்கதையின் சமூகப் பொருள் பிழையாகிவிடாது. மலைக்கதையில் மன்னன் காப்பவன், முஸ்லிம்கள் காக்கப்படுவோர். இங்கு அவ்வுறவு தலைகீழாகின்றது: காப்பவள் ஒரு முஸ்லிம் பெண், காக்கப்படுபவன் மன்னன். கடன்பட்டவன் அரசன் என்று மக்கள் மனம் கணக்கை மாற்றி எழுதியிருக்கின்றது. ஆயினும், பரவலாக வழங்கும் வடிவில் அப்பெண்ணுக்குப் பெயரில்லை. சமூகத்தின் பெயரைத் தந்தவள் என்று போற்றப்படுபவள் தன் பெயரை இழந்து நிற்கின்றாள். விசுவாசத்தின் சான்று உயிர்ப்பலி என்பதும் இக்கதையின் உள்ளுறை. மீண்டும் மீண்டும் குருதி சிந்தியே தன் நாட்டுப்பற்றை மெய்ப்பிக்கவேண்டிய நிலையை எந்தச் சிறுபான்மையும் விரும்பி ஏற்கத் தேவையில்லை.

4

கரையின் கதை வேறொரு உலகைச் சார்ந்தது. மட்டக்களப்புப் பகுதியில் முக்குவருக்கும் திமிலருக்கும் பகை மூண்டபோது பட்டாணியர் எனப்பட்ட முஸ்லிம் வணிகர் முக்குவரோடு நின்று வென்றனர் என்றும், வெற்றியின் பின் முக்குவப் பெண்களை மணந்து அங்கேயே நிலைத்தனர் என்றும் மக்கள் வழக்குக் கூறும். இங்கே மன்னன் இல்லை, கொடை இல்லை. போரிற் கூட்டும் மணவுறவுமே உள்ளன.

இக்கதைக்குச் சார்பாகச் சமூக அமைப்பே சான்று பகர்கின்றது. அம்பாறைக் கரையின் தமிழரிடையேயும் முஸ்லிம்களிடையேயும் தாய்வழிக் குடிமுறை உண்டு. மகன் தாயின் குடியைச் சேர்வான். மணமகன் பெண்வீட்டிற்குச் செல்வான். வீடு பெண்ணுக்குச் சீதனமாகும். பள்ளிவாசல் நிருவாகத்திலே குடிக்கொரு மரைக்காயர் என்ற ஒழுங்கும் இருந்தது. இத்தகைய ஒழுங்கு அரசகட்டளையால் அமையக்கூடியதன்று. தலைமுறைகளின் அண்டைவாழ்வினால் விளைவது.

ஆயின் கரைக்கதையையும் நாம் விமரிசனமின்றி ஏற்றலாகாது. அதிலே திமிலர் தோற்றோடியவர். அவர்தம் குரல் கதையில் இல்லை. பெண்கள் வெற்றியின் பரிசாகவே வருகின்றனர். குடிவழியைத் தாங்கும் பெண்ணுக்கு அவ்வழியின் தோற்றக்கதையிலே விருப்பமென ஒன்று கூறப்படவில்லை என்பது இம்முரணின் கூர்மை.

5

மூன்று கதைகளும் கூறாது விடும் பொருளொன்று உண்டு: அது வழி. மலையையும் கரையையும் உண்மையிற் பிணைத்தது தவளம் எனப்பட்ட பொதிமாட்டு வணிகமாகும். உப்பும் கருவாடும் துணியும் மேலேறின. பாக்கும் மிளகும் கீழிறங்கின. கண்டியரசின் 'மடிகே' என்ற போக்குவரத்துப் பிரிவில் முஸ்லிம்கள் சேவைக் கடமையுடன் இணைக்கப்பட்டிருந்தனர். உப்பு மலையில் விளையாது. 1766ஆம் ஆண்டு உடன்படிக்கையால் ஒல்லாந்தர் கரையோரம் முழுவதையும் தமதாக்கிக்கொண்டபோது, கண்டியரசின் உணவுப் பானையே அந்நியர் கைக்குட்பட்டது எனலாம். கண்டியின் பல்பண்பாட்டைத் தாங்கிய பொருளாதார அடித்தளம் இப்பரிவர்த்தனையே. மன்னரின் பெருந்தன்மை இருந்திருக்கலாம். ஆயினும் அது மாட்டுச் சுவடுகளின் மேல் நின்றது.

இவ்வழி எவ்வாறு மறக்கப்பட்டது? 1867இல் கொழும்பிலிருந்து கண்டிக்குப் புகைவண்டி வந்தது. கோப்பியும் அதன்பின் தேயிலையும் மேற்கு நோக்கி ஓடின. கீழைக் கரையை நோக்கியிருந்த கண்டியின் முகம் கொழும்பை நோக்கித் திரும்பிற்று. தோட்டங்களுக்குத் தென்னிந்தியத் தொழிலாளர் கொணரப்பட்டனர். பண்பாட்டுக் கலப்பைப் பாராட்டும் பயணக் கட்டுரைகள் நாயக்க மன்னரை எண்ணுமேயன்றி, நகரைச் சூழ்ந்த லயன்களில் வாழ்வோரை எண்ணுவதில்லை. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் அவர்களிற் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. கலப்பின் கணக்கு அரண்மனையிலிருந்து எடுக்கப்படுமிடத்து உழைப்போர் கணக்கில் வாரார்.

6

இம்மாற்றத்தின் இலக்கியச் சாட்சியாகச் சித்திலெப்பையைக் கருதலாம். 1838இல் கண்டியிற் பிறந்து, 1882இல் 'முஸ்லிம் நேசன்' இதழைத் தொடங்கி, கல்விச் சீர்திருத்தத்துக்கு உழைத்த அப்பெரியார், 1885இல் 'அசன்பே சரித்திரம்' என்னும் நாவலை வெளியிட்டார். ஈழத்தின் முதலாவது தமிழ் நாவலாக எண்ணப்படும் அந்நூலின் கதை எகிப்திலும் இந்தியாவிலுமே பெரிதும் நிகழ்கின்றது. தாம் பிறந்த மலைநகர் அவருக்கு நாவற்பொருளாகவில்லை. நாடு கடத்தப்பட்டு 1883இல் இலங்கை வந்த அராபி பாஷாவோடு அவருக்கிருந்த தொடர்பையும், உலக முஸ்லிம் மறுமலர்ச்சியை நோக்கிய அவரது பார்வையையும் கொண்டு இதனை விளக்கலாம். குடியேற்ற ஆட்சியின் கீழிருந்த ஒரு நடுத்தர வர்க்கம் தன் பெருமையைத் தொலைவிலே தேடியது. அருகிலிருந்த வழி அதன் கண்ணுக்குப் படவில்லை. தெல்தோட்டைப் பகுதியிற் பிறந்த அருள்வாக்கி அப்துல் காதிர் புலவர் (1866-1918) 'கண்டிக் கலம்பகம்' பாடினார். நகரின் பெயர் மரபுவழிப் பிரபந்தத்துள் இடம்பெற்றது. ஆயின் நகரின் முரண்பாடுகளைச் சொல்ல அப்பிரபந்த வடிவம் ஏற்றதன்று.

அம்முரண்பாடுகள் 1915இல் வெடித்தன. கம்பளையிலே பெரகரா ஊர்வலம் பள்ளிவாசலைக் கடந்து செல்லும் உரிமை பற்றிய வழக்கில், கண்டி ஒப்பந்தமே ஆதாரமாகக் காட்டப்பட்டது. மாவட்ட நீதிமன்றம் 1914இல் தேவாலயத்துக்குச் சார்பாகவும், மேல்நீதிமன்றம் 1915 பெப்ரவரியில் அதற்கு மாறாகவும் தீர்ப்பளித்தன. அவ்வாண்டு மே மாத இறுதியில், வெசாக் காலத்தில், கண்டி நகரிலேயே கலவரம் தொடங்கிற்று. போர்க்கால விலையேற்றமும் வணிகப் போட்டியும் சமய மொழியிற் பேசின. தமிழ்க் கையொப்பங்களையும் தாங்கிய ஒப்பந்தமொன்று, நூறாண்டின் பின் தமிழ்மொழி பேசும் முஸ்லிம்களுக்கு எதிரான வழக்கிலே ஆவணமாயிற்று.

கல்முனையிலிருந்து அம்பாறை, மகாஓயா, பதியத்தலாவை, மகியங்கனை ஊடாகச் செல்லும் இன்றைய பாதை, பதினெட்டு வளைவுகளில் மலையேறித் தெல்தெனியாவையும் திகனையையும் கடந்து கண்டியை அடைகின்றது. 2018 பெப்ரவரி 26ஆம் நாளிரவு அம்பாறை நகரில் உணவில் கருத்தடை மருந்து கலக்கப்பட்டதென்ற புரளியின் பேரில் முஸ்லிம் உணவகமும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. ஒரு வாரத்துள் திகனையிலும் தெல்தெனியாவிலும் வீடுகளும் கடைகளும் பள்ளிவாசல்களும் எரிந்தன. மார்ச் 6ஆம் நாள் அவசரகால நிலை அறிவிக்கப்பட்டது. தவளம் சென்ற திசையிலேயே வன்முறையும் சென்றது. 'பண்பாடுகள் கலந்து வாழும் நகர்' என்ற தீர்ப்பு இந்நிகழ்வுகளை விதிவிலக்கு என ஒதுக்கும். பரிவர்த்தனை உறவுகள் சிதைந்த இடத்தில் நல்லிணக்கக் கதை மாத்திரம் மக்களைக் காக்காது என்பதே நாம் பெறும் பாடம்.

7

இங்ஙனமாயின் மலைக்கும் கரைக்கும் இடையிலே வேறு உறவு இயலாததா? 1952இல் பல்கலைக்கழகம் பேராதனையில் நிலைகொண்ட பின் ஒரு புதிய வழி திறந்தது. பேராசிரியர் சு. வித்தியானந்தன் மட்டக்களப்பின் வடமோடிக் கூத்தை அங்கு கொணர்ந்து 1962இல் 'கர்ணன் போர்', 1964இல் 'இராவணேசன்' ஆகியவற்றை மேடையேற்றினார். கரையின் கலை மலையிலே கற்கப்பட்டது, அண்ணாவிமார் ஆசிரியராயினர். கல்முனைக்குடியிற் பிறந்த எம். ஏ. நுஃமான் பின்னாளில் பேராதனையிலே தமிழ்ப் பேராசிரியராகப் பணியாற்றினார். கொடுப்போர் பெறுவோர் என்ற பிரிவு இங்கு மங்குகின்றது. இருதிசைப் போக்குவரத்தே பண்பாட்டுக் கலப்பின் மெய்யான வடிவம் என்பதற்கு இவை அண்மைச் சான்றுகள்.

கண்டியின் பத்தினி தேவாலயத்திலும் காரைதீவின் கண்ணகி அம்மன் கோயிலிலும் போற்றப்படுபவள் ஒருத்தியே. சிலம்பின் கதை மலைக்கும் கரைக்கும் பொதுவாகும்போது, தவளக்காரனின் கதை மாத்திரம் எழுதப்படாது கிடப்பது நியாயமன்று. நமது கரையின் கவிதையும் சிறுகதையும் வயலையும் கடலையும் மருதமுனைத் தறியையும் சிறப்பாகவே பாடியுள்ளன. அவற்றின் பார்வை இனி மேற்குத் திசையில் மலைவரை நீளவேண்டும். மன்னனின் கொடையையோ பெயரற்ற பெண்ணின் குருதியையோ சான்றாகக் காட்டிப் பெறவேண்டிய இடமன்று நமது இடம். உப்புச் சுமந்து, நெல் விளைத்து, துணி நெய்து இந்நாட்டின் ஒரு பகுதியை உருவாக்கியோர் என்ற உழைப்பின் உரிமையே அதன் அடிப்படை. கண்டிக்குச் செல்லும் நமது மாணவர் ஏரிக்கரையில் நின்று நகரை வியப்பதோடு அமையாது, தாம் வந்த பாதையையும் திரும்பி நோக்குவாராயின், நம் வரலாற்றெழுத்தும் படைப்பிலக்கியமும் புதிய பொருளைப் பெறும்.