விராலுக்கு எந்தத் தவளை?

தை பிறந்துவிட்டால் பெரம்பலூர், அரியலூர் ஏரிக்கரைகளில் ராடும் ரீலுமாக இளைஞர்கள் வந்து நிற்கிறார்கள். மூங்கில் கழியும் தக்கையும் மண்புழு டப்பாவும் இருந்த கைகளில் இப்போது பெட்டி நிறைய லூர் என்னும் செயற்கை இரை. என்னிடம் அவர்கள் கேட்பதெல்லாம் ஒரே கேள்விதான்: "அண்ணே, எதைப் போட்டா விரால் அடிக்கும்?"

விரால் எதைப் போட்டாலும் அடிக்கும். பசித்தால் அடிக்கும், கோபம் வந்தால் அடிக்கும், பக்கத்தில் ஏதாவது சலசலத்தாலே அடிக்கும். அதனால் இந்தக் கேள்வியை வைத்து ஒரு லூரை எடைபோட முடியாது. நான் பார்ப்பது மூன்று. செடிக்குள் சிக்காமல் போய்த் திரும்புகிறதா? அடித்த மீன்களில் எத்தனை கரைக்கு வருகின்றன? வந்த மீனைத் திருப்பி விட்டால் பிழைக்குமா?

அதிகம் பேரை ஏமாற்றும் லூரை முதலில் சொல்லிவிடுகிறேன். அமேசானில் பீக்காக் பாஸ் பிடிக்கும் வீடியோக்களைப் பார்த்துவிட்டு, வாலில் விசிறி வைத்த பெரிய கட்டை லூரை வாங்கி வருகிறார்கள். அந்த ஒப்பீட்டில் நியாயம் இருக்கிறது. பீக்காக் பாஸ் நம் ஏரியில் கிடக்கும் ஜிலேபியின் குடும்பத்து மீன். விரால் வேறு குடும்பம். ஆனாலும் குணம் ஒன்றுதான். இரண்டும் பதுங்கிப் பாயும், இரண்டும் குஞ்சுகளைக் காவல் காக்கும், மேல்தண்ணீரில் சத்தம் கேட்டால் இரண்டுக்கும் பொறுக்காது. விசிறி லூர் அங்கே ஜெயிப்பதற்குக் காரணம் பரந்த நீர்ப்பரப்பு. விழுந்துகிடக்கும் மரத்தடியில் எங்கோ மறைந்திருக்கும் மீனைச் சத்தம் போட்டுத்தான் வெளியே வரவழைக்க வேண்டும்.

இங்கே அந்தத் தேவையே இல்லை. தண்ணீர் எவ்வளவு நன்றாக இருந்தாலும் வளர்ந்த விரால் மேலே வந்து காற்றை விழுங்கியே ஆக வேண்டும். கரையில் கால் மணி நேரம் அசையாமல் உட்கார்ந்தால் போதும், அல்லி இலைகளுக்கு நடுவே ஒரு கொப்பளிப்பில் அது தன் இடத்தைக் காட்டிவிடும். இடம் தெரிந்த மீனுக்குத் தண்டோரா எதற்கு? போதாததற்கு, விசிறி லூரில் தொங்கும் ட்ரெபிள் ஹூக்குகள் இரண்டடி இழுப்பதற்குள் ஒரு கை பாசியை அள்ளிக்கொள்ளும். ஏரிக்குள் மூழ்கிக் கிடக்கும் சீமைக்கருவேல முள்ளில் மாட்டினால் லூரையே மறந்துவிட வேண்டியதுதான்.

உயிர்த்தவளை பழைய வழி. அடி வாங்குவதில் அதற்கு இணை கிடையாது, அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் விரால் அதை ஆழமாக விழுங்குகிறது. முள் தொண்டையில் இறங்கிவிடுகிறது. அரை கிலோ கூட வராத மீனைத் திருப்பி விட்டாலும் அது செத்து மிதக்கும். வயலில் பூச்சி தின்னும் தவளையைக் காப்பாற்றத்தான் தவளைக்கால் ஏற்றுமதியையே 1987இல் இந்தியா தடை செய்தது. அதே தவளையை வயலிலிருந்து பிடித்து முள்ளில் குத்துவதற்கு என்னிடம் நியாயம் இல்லை. உயிர்த்தவளையைக் கணக்கிலிருந்து எடுத்துவிடுகிறேன்.

ஸ்பூனும் ஸ்பின்னரும் ஓடும் தண்ணீருக்கு உரியவை. 1836இல் ஆர்தர் காட்டன் கட்டிய அணைக்கரைக் கீழணையிலிருந்து மேற்கே திருமானூர் வரை கொள்ளிடக் கரையில் அவற்றை வீசலாம். கலிங்கு வழியும் நாளில் அதன் கீழேயும் வீசலாம். மணல் தரையில் சிக்க எதுவும் இல்லை. செடி மண்டிய ஏரிக்குள் அவற்றுக்கு வேலை இல்லை. ரப்பர் புழு கோடைக்கு நல்லது. பங்குனியில் தண்ணீர் குட்டையாகச் சுருங்கி, மீன் சேற்றோடு ஒட்டிக் கிடக்கும்போது, முள்முனையைப் புழுவின் உடம்புக்குள்ளேயே புதைத்து மெல்ல நகர்த்தலாம். ஆனால் விராலுக்கு முன்னால் கொரவை வந்து வாலைப் பிய்த்துக்கொண்டு போய்விடும்.

மிஞ்சுவது உள்ளே கூடான ரப்பர் தவளை. அதன் அமைப்பைக் கையில் வைத்துப் பார்க்க வேண்டும். இரட்டை முள் இரண்டும் முதுகோடு படிந்து, முனை மேல்நோக்கி இருக்கும். அதனால் அல்லி இலை, சம்பு, ஆகாயத்தாமரை எதன்மேல் இழுத்தாலும் வழுக்கிக்கொண்டு வரும். மீன் கவ்வும்போது உடம்பு அமுங்கும், முள் வெளியே வரும். போன தை மாதம் ஜெயங்கொண்டம் பக்கத்து ஏரியில் நான் ஒன்றை அல்லி இலைமேல் ஏற்றி நிறுத்தினேன். இலை கீழிருந்து ஒருமுறை புடைத்தது. பிறகு அசைவே இல்லை. நூலை ஒரு விரல்கடை இழுத்ததும் 'ப்ளக்' என்று இலையோடு சேர்த்து உள்ளே போய்விட்டது. பதறிப்போய் உடனே ராடைத் தூக்கினேன். தவளை மட்டும் பறந்து வந்து கரையில் விழுந்தது.

அதன் குறை இதுதான். அடி நிறைய விழும், மீன் குறைவாக வரும். பாதிக் குற்றம் வீசுகிறவருடையது. சத்தம் கேட்டதும் தூக்காமல் இரண்டு எண்ணி, நூல் கனத்த பிறகு தூக்கினால் கணக்கு மாறும். மீதிக் குற்றம் ரப்பருடையது. கடையில் விரலால் அழுத்திப் பாருங்கள். எளிதில் அமுங்காத தவளை எவ்வளவு அழகாக இருந்தாலும் வாங்காதீர்கள். ஜம்ப் ஃப்ராக் என்ற சிறிய கட்டைத் தவளையில் முள் பின்னால் தொங்குவதால் மீன் நன்றாக மாட்டும். ஆனால் அதே முள் செடியிலும் மாட்டும். செடி திட்டுத்திட்டாக உள்ள ஏரிக்கு அது சரி.

நிறத்தைப் பற்றித்தான் கடைகளில் அதிகம் பேசுகிறார்கள். எனக்கு அது கடைசிக் கவலை. ஜெயங்கொண்டம், செந்துறைப் பக்கத்தில் செம்மண் கலங்கல், பெரம்பலூரில் கரிசல் கலங்கல். அதில் மீன் பச்சையா மஞ்சளா என்று பிரித்துப் பார்த்துக்கொண்டிருக்காது. கீழிருந்து வெளிச்சத்துக்கு எதிராகத் தெரியும் நிழலும், தோல் உணரும் அதிர்வும்தான் அதற்குக் கிடைப்பவை. தெளிந்த தண்ணீர் அரியலூர் சுண்ணாம்புக்கல் குவாரிப் பள்ளங்களில் உண்டு. செங்குத்தான விளிம்பு, கால் வைக்க இடமில்லை. அங்கே போகவே வேண்டாம்.

இன்னொன்றையும் எடைபோட வேண்டும், பலர் அதைத் தவிர்த்துவிடுகிறார்கள். மழைக்காலத்தை ஒட்டி, தண்ணீரில் குங்குமம் கரைத்தது போல ஒரு திட்டு கொதித்துக்கொண்டு நகரும். அது விரால் பார்ப்பு. அடியில் பெரிய விரால் காவல் நிற்கும். அந்தத் திட்டின்மேல் எந்த லூரைப் போட்டாலும் அடி நிச்சயம். பசியால் அல்ல, பிள்ளையைக் காக்க அடிக்கிறது. அங்கே கிடைக்கும் வெற்றி லூரின் தரத்தைப் பற்றி எதுவும் சொல்லாது. காவல் போனால் ஜிலேபியும் கெளுத்தியும் அந்தத் திட்டைத் தின்று தீர்த்துவிடும். அடுத்த வருடம் அதே ஏரியில் நமக்குத்தான் மீன் இருக்காது. பார்ப்பின்மேல் வீசி எடுத்த மீன்களைக் காட்டி "இந்த லூர் பிரமாதம்" என்று சொல்பவரின் சான்றை நான் ஏற்பதில்லை.

என் தீர்ப்பு: இந்த இரண்டு மாவட்ட ஏரிகளுக்குக் கட்டைவிரல் பருமனுள்ள, எளிதில் அமுங்கும் ரப்பர் தவளை. கருப்பு போதும். நைலானை விட்டு நீளாத பின்னல் நூல் போடுங்கள், செடிக்குள் புகுந்த மீனை அதுதான் இழுத்து வரும். முள்ளின் எதிர்ச்செதிலைக் குறடால் நசுக்கிவிடுங்கள். சில மீன் தப்பும், சிறிய மீன் வாய் கிழியாமல் போகும். குத்தகைக்காரரிடம் கேட்டுவிட்டு இறங்குங்கள். கரைவெட்டி பறவைகள் சரணாலயம், அந்த ஏரி நம் கணக்கில் வராது. ஸ்பூனைத் தூக்கி எறிய வேண்டாம், கொள்ளிடம் போகிற நாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.