கிட்டலின் கன்னட அகராதி: மறைப்பணியும் மொழிப்புலமையும்

பெங்களூரு மகாத்மா காந்தி சாலையில் பெர்டினாண்டு கிட்டலுக்குச் (1832–1903) சிலை எடுக்கப்பட்டுள்ளது. செருமனியில் பிறந்து, 1853இல் பாசல் மிஷன் ஊழியராக இந்தியா வந்தவர் அவர். மக்களிடையே நெடுங்காலம் வாழ்ந்ததே அவருடைய கன்னடப் புலமைக்குக் காரணம் என்பது பாராட்டுரைகளில் பொதுவாகக் காணப்படும் கருத்து. இது பாதி உண்மையே. நீண்ட காலம் தங்கிய மறைப்பணியாளர் பலர். கிட்டலின் அகராதியைப் போன்ற ஒன்றைத் தந்தவர் மிகச் சிலர்.

சமயப் பரப்புரைக்கு வழக்குமொழி அறிவு போதுமானது. அத்தேவைக்கு உதவும் அகராதியும் அன்று இருந்தது. வில்லியம் ரீவின் கன்னட அகராதியை டேனியல் சாண்டர்சன் திருத்தி விரிவாக்க, அது 1858இல் பெங்களூரு வெஸ்லியன் மிஷன் அச்சகத்தில் வெளிவந்தது. கிட்டலும் தொடக்கத்தில் மறைப்பணி நோக்கிலேயே எழுதினார். இயேசுவின் வரலாற்றைக் கன்னட யாப்பில் கூறும் ‘கதாமாலை’ 1862இல் வெளியாயிற்று. ஆயினும் அவருடைய தேடல் அத்துடன் நிற்கவில்லை. கேசிராசனின் ‘சப்தமணிதர்ப்பணம்’ என்னும் இலக்கணத்தை 1872இலும், நாகவர்மனின் யாப்பு நூலை 1875இலும் பதிப்பித்தார். ஏறத்தாழ 70,000 சொற்களைக் கொண்ட அகராதி 1894இல் மங்களூரில் வெளிவந்தது.

இப்பழம்புலமையின் பயனை ஒரு சொல்லைக் கொண்டு விளக்கலாம். தமிழில் ‘புழு’ எனப்படுவது இன்றைய கன்னடத்தில் ‘ஹுளு’. சொன்முதற் பகரம் ஹகரமாகவும், ழகரம் ளகரமாகவும் மாறியுள்ளன. உரையாடலுக்கு ‘ஹுளு’ போதும். பழங்கன்னட வடிவையும் உடன் வைத்து நோக்கும்போதுதான் இரு மொழிகளின் உறவு ஐயமின்றிப் புலப்படும். பரோவும் எமனோவும் தம் திராவிடச் சொற்பிறப்பியல் அகராதியில் (1961, இரண்டாம் பதிப்பு 1984) கன்னடச் சொற்களுக்குக் கிட்டலைப் பெரிதும் சார்ந்து நின்றதன் காரணம் இதுவே.

குறைகளும் சுட்டத்தக்கன. பொருள் ஆங்கிலத்தில் தரப்படுவதால், ஒரு கன்னடச் சொல்லின் பொருட்பரப்பு பல ஆங்கிலச் சொற்களாகச் சிதறுகிறது. மொழிபெயர்ப்பாளர் அவற்றுள் ஒன்றைத் தெரிந்தெடுத்து அமைந்துவிடலாகாது. கிட்டல் எடுத்துக்காட்டாகத் தரும் பழமொழிகளையும் இலக்கிய ஆட்சிகளையும் சேர்த்தே படித்தல் வேண்டும். சொல்லின் வாழ்வு அங்குதான் உள்ளது. மற்றொன்று, அகராதி ஒருவர் பெயரால் வழங்கினும், உள்ளூர்ப் புலமையாளரின் துணையின்றி அது உருவாகியிருக்க இயலாது. சிலையோ ஒருவருக்கு மட்டுமே நிற்கிறது.

கிட்டலின் அகராதியைச் சென்னைப் பல்கலைக்கழகத்துக்காக மரியப்ப பட்டர் திருத்தி விரிவாக்கினார். அப்பதிப்பு 1968 முதல் 1971 வரை நான்கு தொகுதிகளாக வெளிவந்தது. அயலார் தொகுத்த நூலை அம்மொழிப் புலவர் ஒருவர் திருத்தி வளர்த்த இம்முயற்சியே அந்நூலுக்கு உரிய மதிப்பாகும். மறைப்பணி கிட்டலைக் கன்னடத்திடம் கொண்டுவந்து சேர்த்தது. அவரை அறிஞராக்கியது கன்னட இலக்கண மரபுக்கு அவர் மாணவராக அமர்ந்தமையே.