கேட்போர் இருந்த நகரம்

வங்கக் கவிஞர் அலாவோல் இயற்றிய ‘பத்மாவதி’யை இரு சாரார் கையில் எடுக்கின்றனர். இலக்கிய மாணவர், 1540இல் மலிக் முஹம்மது ஜாயசி அவதி மொழியில் தொடங்கிய ‘பத்மாவத்’தின் வழிநூலாக அதனைக் கற்கின்றனர். ரோஹிங்கியா மக்களுக்காக வாதாடுவோர், அராக்கானில் முஸ்லிம்கள் நெடுங்காலமாக வாழ்ந்தமைக்கு அது சான்று என்கின்றனர். இரு சாராரும் அதன் பாயிரத்தை இன்னும் ஊன்றிப் படித்தல் வேண்டும் என்பது நமது கருத்து.

பாயிரத்தில் புலவர், அராக்கானைக் குறிக்கும் ரோசாங்கின் பெருமையைப் பாடுகிறார். ரோஹிங்கியா என்னும் பெயர் இச்சொல்லிலிருந்தே வந்தது என்பர் அறிஞர் பலர். அரபியர், மிஸ்ரியர், துருக்கர், அபிசீனியர் எனப் பன்னாட்டாரும் அங்குக் குழுமியதாகப் புலவர் அடுக்குகிறார். நகரப்படலம் பயின்ற நமக்கு இது புதிதன்று. காப்பிய மரபின் மிகைக்கூற்று என எவரும் எளிதில் தள்ளிவிடலாம்.

வலிய சான்று அடுத்து வருகிறது. ஜாயசியின் மொழி ரோசாங் மக்களுக்கு விளங்கவில்லை, வங்க யாப்பில் பாடினால் அனைவரது ஆவலும் நிறைவேறும் என்று முஸ்லிம் அமைச்சர் மாகன் தாக்கூர் வேண்டியதாக, நூல் பிறந்த காரணத்தைப் புலவர் உரைக்கிறார். கேட்போர் இல்லாத ஊரில் எவரும் காப்பியம் பாடுவதில்லை. 17ஆம் நூற்றாண்டின் நடுவில் வங்கக் கவிதையைச் சுவைத்த ஒரு கூட்டம் அங்கு இருந்தது. அவருக்கு முன்னரே தௌலத் காஜியும் அங்குப் பாடியிருக்கிறார்.

பர்மாவின் 1982ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டமோ 1823ஐ எல்லையாக வைத்து, அதற்கு முன் குடியமர்ந்த இனத்தாரையே மண்ணின் குடிகளாக ஏற்கிறது. ரோஹிங்கியாக்களை அவ்வினத்தாருள் சேர்க்க அரசு மறுத்தது. வந்தேறிய வங்காளிகள் என்றது. ‘பத்மாவதி’ அவ்வெல்லைக்கு ஒன்றரை நூற்றாண்டுக்கும் மேல் மூத்தது.

ஆயினும், அலாவோலையே ரோஹிங்கியா என்று முத்திரையிட நாம் துணியோம். அவர் கடற்கொள்ளையரிடம் தந்தையைப் பறிகொடுத்து அராக்கான் சேர்ந்தவர். 1660இல் அங்கு அடைக்கலம் புகுந்த மொகலாய இளவரசர் ஷா ஷுஜா கொல்லப்பட்டபின், ஐயத்தின் பேரில் சிறையிலும் வாடியவர். திக்கற்று வந்தவரும் ஒரு மண்ணின் கவிஞராகலாம் என்பதற்கு அவர் வாழ்க்கையே சாட்சி.

2017இல் 7 லட்சத்துக்கும் மேற்பட்ட ரோஹிங்கியாக்கள் வங்கதேசத்துக்கு விரட்டப்பட்டனர். பிறந்த மண்ணில் வாழ்வதற்கு ஒரு காப்பியத்தைச் சாட்சிக்கு அழைக்கும் நிலை எம்மக்களுக்கும் நேரலாகாது. நேர்ந்துவிட்ட பின்னர், அச்சாட்சியை மிகைப்படுத்தாமலும் குறைக்காமலும் எடுத்துரைப்பதே திறனாய்வின் கடன்.