கடைசி இடத்தின் எண்

பிளஸ் டூ முடிவு வந்த நாளிலிருந்து ஒரு பெண்ணிடம் உறவினர்கள் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "உன் கட்-ஆஃப் எவ்வளவு?" அவள் 187 என்கிறாள். சில வாரங்கள் கழித்து அதே சொல் வேறொரு பொருளில் வருகிறது: "அந்தக் கல்லூரியில் கட்-ஆஃப் 193." முதலாவது அவளுடைய மதிப்பெண்களைக் கூட்டி எடுத்த கணக்கு. இரண்டாவது, போன ஆண்டு அந்தக் கல்லூரியில் கடைசியாக இடம் பெற்றவரின் மதிப்பெண். இரண்டையும் நாம் ஒரே சொல்லால் அழைக்கிறோம். ஒரு கல்லூரி வாசலில் நின்ற வரிசை எங்கே முடிந்தது என்பதைச் சொல்லும் எண், இப்படித்தான் பெண்ணின் தகுதியாகவும் அவள் பெயரோடு ஒட்டிக்கொள்ளும் அடைமொழியாகவும் மாறிவிடுகிறது. ஈழத்தமிழில் இதற்கு 'வெட்டுப்புள்ளி' என்று பெயர். அந்தச் சொல்லில் வெட்டு மறைந்திருக்கவில்லை. யார் வெட்டுகிறார்கள், எப்போது வெட்டுகிறார்கள் என்று கேட்க அது நமக்கு இடம் தருகிறது.

முதல் கணக்கைப் பார்ப்போம். தமிழ்நாட்டுப் பொறியியல் சேர்க்கையில் கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50, மொத்தம் 200. கணிதத்தில் 96, இயற்பியலில் 90, வேதியியலில் 92 எடுத்தவளுக்கு 96, 45, 46 என்று கூட்டி 187 வரும். அவள் எழுதிய 600 மதிப்பெண் தேர்வில் பாதி இந்தக் கணக்குக்குள் வருவதே இல்லை. தமிழ் வரவில்லை, ஆங்கிலம் வரவில்லை. ஒரு குறிப்பிட்ட தேவைக்காகச் சிலவற்றை எடுத்துச் சிலவற்றை விட்ட கணக்கு இது. அந்தத் தேவைக்கு வெளியே அவளைப் பற்றி இதற்குச் சொல்ல ஒன்றுமில்லை.

இரண்டாவது எண்ணை யாரும் முன்கூட்டியே நிர்ணயிப்பதில்லை. 60 இடங்கள் இருந்தால் அறுபதாவதாகச் சேர்ந்தவரின் மதிப்பெண்ணே அந்தப் பாடப்பிரிவின் கட்-ஆஃப். வினாத்தாள் கடினமாக இருந்த ஆண்டில் அது இறங்கும். இடங்கள் கூடினாலும் இறங்கும். ஒரே கல்லூரியில் கணினி அறிவியலுக்கும் கட்டடவியலுக்கும் இடையே பெரிய வித்தியாசம் இருந்தால், அது அந்த ஆண்டின் வேலைச்சந்தை பற்றிய நம்பிக்கையைக் காட்டுகிறது. கட்டடவியல் எளிய படிப்பு என்று அதற்குப் பொருளில்லை. 193 என்ற எண்ணைப் பார்த்து, "அங்கே படிக்க 193 அளவுக்கு மூளை வேண்டும்" என்று படிப்பது பிழையான வாசிப்பு.

ஒரே பாடப்பிரிவுக்கு ஏன் பல கட்-ஆஃப்கள் என்ற கேள்வியிலும் இதே பிழை உண்டு. தமிழ்நாட்டின் 69 விழுக்காடு இடஒதுக்கீடு போக மீதமுள்ள 31 விழுக்காடு பொதுப்பிரிவு. அது எந்தச் சாதிக்கும் ஒதுக்கப்பட்டதல்ல. தரவரிசையில் மேலே இருக்கும் எவருக்கும் உரியது. பிற்படுத்தப்பட்ட, பட்டியல் சமூக மாணவிகள் அதில் இடம் பெறலாம், பெறுகிறார்கள். அவர்கள் அங்கே சேர்ந்த பிறகு, அவர்களுடைய சமூகத்துக்குரிய இடங்களில் அடுத்தவர்கள் சேர்கிறார்கள். அந்த வரிசையின் கடைசி எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டு ஒரு சமூகத்தையே "குறைந்த மார்க்" என்பவர்கள், மேலே சேர்ந்துவிட்டவர்களை எண்ணாமல் பேசுகிறார்கள்.

இப்போது பெண்களின் வரிசைக்கு வருவோம். 2024 பிளஸ் டூ தேர்வில் மாணவிகளின் தேர்ச்சி 96.44 விழுக்காடு, மாணவர்களின் தேர்ச்சி 92.37. தேர்வறையில் பெண்கள் பின்தங்கவில்லை. ஆனால் இணையவழிக் கலந்தாய்வில் கல்லூரிகளின் விருப்பப் பட்டியலை நிரப்பும்போது விசைப்பலகை யார் கையில் இருக்கிறது? அப்பா, அண்ணன், கம்ப்யூட்டர் சென்டர்காரர். காலேஜ் பஸ் ஊருக்கு வருமா, லேடீஸ் ஹாஸ்டல் உண்டா, இருட்டுவதற்குள் வீடு திரும்புவாளா, இவ்வளவு படித்தால் மாப்பிள்ளை எங்கே தேடுவது என்ற கேள்விகளில் பாதிக் கல்லூரிகள் அடிபட்டுப்போகும். தூரத்துக் கல்லூரிக்குத் தகுதியான மதிப்பெண் வைத்திருப்பவள் அந்தக் கல்லூரியின் வரிசையில் நிற்பதே இல்லை. அவள் நிற்காததால் அங்கே வேறொருவருக்கு இடம் கிடைக்கிறது. அவள் சேர்ந்த பக்கத்து ஊர்க் கல்லூரியில் வேறொருத்திக்கு இடம் போகிறது. இரண்டு கட்-ஆஃப்களிலும் இந்த வீட்டு முடிவு கலந்திருக்கிறது. எந்தப் பட்டியலிலும் அது தெரியாது.

நிறுவனங்களும் பெண்களுக்கென்று கோட்டை நகர்த்தியிருக்கின்றன. 2018இல் டோக்கியோ மருத்துவப் பல்கலைக்கழகம் பல ஆண்டுகளாக நுழைவுத்தேர்வு மதிப்பெண்களைப் பெண்களுக்குப் பாதகமாகத் திருத்தி வந்தது வெளியே வந்தது. பெண் மருத்துவர்கள் திருமணம், பிள்ளைப்பேறு என்று வேலையை விட்டுப் போய்விடுவார்கள் என்பதே அதன் பின்னாலிருந்த எண்ணம். தோற்றுப்போன பெண்கள் தங்கள் உழைப்பு போதவில்லை என்றே அத்தனை ஆண்டுகளும் நம்பியிருப்பார்கள். எண் பொய் சொல்லாது என்ற நம்பிக்கைதான் அந்த மோசடியைக் காப்பாற்றியது.

அதே 2018இல் ஐ.ஐ.டி.க்களில் பெண்களுக்குக் கூடுதல் இடங்கள் உருவாக்கப்பட்டன. பத்தில் ஒருவர்கூடப் பெண் இல்லை என்ற நிலையை ஐந்தில் ஒருவர் என்று உயர்த்துவது நோக்கம். ஆண்களுக்கு இருந்த இடங்களில் ஒன்றும் குறைக்கப்படவில்லை. இந்த இடங்களின் கடைசித் தரவரிசை தனியாக வெளியிடப்படுகிறது. வெளிப்படையாகச் செய்த இந்த மாற்றத்தைத்தான் "கோட்டாவில் வந்தவள்" என்ற ஏளனம் தொடர்கிறது. மகனின் பயிற்சி மையத்துக்குக் கடன் வாங்கும் வீடு மகளுக்கு வாங்கத் தயங்குவதை யாரும் ஆண்களின் கோட்டா என்று சொல்வதில்லை.

அளவுகோலை மாற்றினால் என்ன ஆகும் என்பதற்கு நம்மிடம் அரியலூர் மாவட்டம் குழுமூரின் அனிதா இருக்கிறார். மூட்டை தூக்கும் தொழிலாளியின் மகள், தலித் மாணவி. பிளஸ் டூவில் 1200க்கு 1176. மருத்துவக் கட்-ஆஃப் 200க்கு 196.75. நீட் தேர்வில் 720க்கு 86. ஒரே பெண், ஒரே ஆண்டு, இரண்டு எண்கள். பழைய முறையில் மருத்துவராகியிருக்கக்கூடியவர், புதிய முறையில் தகுதியற்றவர் ஆனார். உச்ச நீதிமன்றம் வரை போய் நீதி கேட்டவர், 2017 செப்டம்பர் 1 அன்று தன் உயிரை மாய்த்துக்கொண்டார். இரண்டு எண்களுக்கும் நடுவில் அனிதாவின் அறிவு மாறவில்லை. தேர்வு கேட்ட கேள்வியும், அதற்குத் தயாராகத் தேவைப்பட்ட பணமும் காலமும்தான் மாறின.

ஆகவே மாணவிகளிடம் நான் சொல்வது இதுதான். கட்-ஆஃப் பட்டியலைப் பயன்படுத்துங்கள். அதை நம்பி உங்களை எடைபோடாதீர்கள். ஒரே ஆண்டைப் பார்க்காமல் மூன்று நான்கு ஆண்டுகளைப் பாருங்கள். உங்கள் பிரிவின் எண்ணோடு பொதுப்பிரிவின் எண்ணையும் பாருங்கள். போன ஆண்டின் எண் எட்டவில்லை என்பதற்காக விரும்பிய கல்லூரியைப் பட்டியலிலிருந்து நீக்க வேண்டாம். மேலே எழுதிவிட்டு, கிடைக்கக்கூடியவற்றை அதன் கீழே வரிசையாக எழுதுங்கள். முக்கியமாக, அந்தப் பட்டியலை நீங்களே உட்கார்ந்து நிரப்புங்கள். கடவுச்சொல் உங்களிடம் இருக்கட்டும். கல்லூரி வெட்டுவதற்கு முன்பே வீடு வெட்டிய பெயர்கள் எத்தனை என்று அப்போதாவது உங்களுக்குத் தெரியவரும். அவற்றில் ஒன்றிரண்டையாவது வாதாடித் திரும்ப எழுத முடியும்.