திருமந்திரத்தின் கர்ப்பக்கிரியையும் பரிணாமக் கொள்கையும்: ஒப்பீட்டு முறை குறித்த ஒரு விமர்சனம்

திறவுச்சொற்கள்: திருமந்திரம், கர்ப்பக்கிரியை, பரிணாமம், வடிவமைப்பு வாதம், இனப்பெருக்க உறுப்பமைப்பு

திருமந்திரத்தின் இரண்டாம் தந்திரத்தில் உள்ள கர்ப்பக்கிரியைப் பகுதியை நவீனக் கருவியலின் முன்னோடியாகக் காட்டுவது தமிழாய்வில் பழகிப்போன ஒரு போக்காகும். அவ்வாறு காட்டிய பின், மனித இனப்பெருக்க உறுப்புகளின் நுட்பமே படைத்தோன் உளன் என்பதற்குச் சான்று என்று வாதிடுவதற்கு இன்னும் ஓரடியே எஞ்சுகிறது. டார்வினின் கொள்கை அறிவியற்படி தவறானது என ஒன்றிய இணையமைச்சர் சத்யபால் சிங் 2018 சனவரியில் கூறினார். தேசியக் கல்வி ஆராய்ச்சி மற்றும் பயிற்சிக் குழுமத்தின் பத்தாம் வகுப்பு அறிவியல் நூலில் 2023-24ஆம் கல்வியாண்டு முதல் பரிணாமப் பகுதி இல்லை. இச்சூழலில் அந்த ஓரடியைத் தமிழாய்வாளர் எடுத்துவைப்பது விளைவற்ற செயலன்று.

முதலில் மூலத்தைக் காண்போம். வில்லியம் பேலி 1802இல் கடிகாரத்தின் அமைப்பைக் கொண்டு கடிகாரம் செய்தவனை ஊகித்தார். கர்ப்பக்கிரியையிலும் ஒரு கைவினைஞன், தட்டான், வருகிறான். ஆனால் அவன் தான் அறிந்ததை எவருக்கும் உரைப்பதில்லை. வித்திட்டவரும் ஏற்றவளும் அறிவதில்லை. வேலைப்பாட்டிலிருந்து வினைஞனை நிறுவும் முயற்சி இங்கு இல்லை. மாயையின் வலிமையே பாடலின் பொருள். எனவே பேலியின் வாதத்தைத் திருமூலர் மேல் ஏற்றுவது உரைமரபுக்கும் பொருந்தாது.

அடுத்தது குறைபாடுகள் பற்றிய விளக்கம். குறள், முடம், கூன் ஆகியவற்றுக்கு மூச்சுக்காற்றின் குறைவும், மந்தம், ஊமை, குருடு ஆகியவற்றுக்குத் தாயின் வயிற்று நிலையும் காரணமாகச் சொல்லப்படுகின்றன. இவை தனியொரு கருவுக்கு உரிய காரணங்கள். மனித இனம் முழுவதற்கும் பொதுவான கோணல்களை இவற்றால் விளக்க இயலாது. விந்தகம் கருவில் சிறுநீரகத்தின் அருகே தோன்றிப் பின்னரே விதைப்பைக்கு இறங்குகிறது. அதனால் விந்து நாளம் நேர்வழியில் செல்லாமல், மேலேறிச் சிறுநீர் நாளத்தைச் சுற்றி வளைந்து வருகிறது. விந்தகம் இறங்கிய வழியில் வயிற்றுச்சுவர் நலிந்திருப்பதால் ஆண்களிடம் குடலிறக்கம் மிகுதி. மீன்களில் இவ்வுறுப்பு வயிற்றினுள்ளேயே இருப்பதை நோக்கினால் இவ்வளைவு ஒரு வரலாற்றுத் தடயம் என்பது விளங்கும். புதிதாக வரைந்த கைவினைஞனுக்கு இச்சுற்றுவழி தேவைப்பட்டிராது. பெறுவோர் விரும்பாத வளைவை எந்தத் தட்டானும் வேண்டுமென்று செய்வதில்லை.

இதற்கு ஒரு மறுப்பு உண்டு: நமக்குக் குறையாகத் தோன்றுவது நாமறியாத நோக்கத்திற்கு உதவலாம். பக்தியில் இவ்விடைக்கு இடமுண்டு. ஆனால் எந்த உறுப்பமைப்புக்கும் பொருந்தும் விடை, எதையும் சோதிக்க உதவாது. மகப்பேற்றுத் துன்பம் குறித்த விவாதம் இதற்கு நேர்மாறானது. நிமிர்ந்த நடைக்கேற்ற இடுப்பும் பெருத்த தலையும் முரண்படுவதே காரணம் என 1960இல் ஷெர்வுட் வாஷ்பர்ன் கூறினார். தாயின் வளர்சிதைமாற்ற ஆற்றலின் எல்லையே பேற்றுக் காலத்தை முடிவு செய்கிறது என 2012இல் ஹோலி டன்ஸ்வொர்த்தும் உடனாய்வாளரும் அதனை எதிர்த்தனர். வழக்கு இன்னும் முடியவில்லை. எனினும் இரு தரப்பும் அளவீட்டுக்கு உட்படுகின்றன.

ஒப்பிட்டே ஆகவேண்டுமெனில் குயில் பொருத்தமான இடம். காக்கைக் கூட்டில் வளரும் குயிற்குஞ்சைக் கர்ப்பக்கிரியை உவமையாக்குகிறது. பிற பறவையின் கூட்டில் முட்டையிடும் குயிலின் இயல்பை டார்வின் 1859இல் வெளியான தம் நூலில் ஆராய்கிறார். ஏமாந்து வளர்க்கும் காக்கையிடம் திருமூலர் மயக்கத்தைக் காண்கிறார். எப்போதோ ஒருமுறை பிறர் கூட்டில் இட்ட முட்டை எவ்வாறு நிலையான இயல்பாகியிருக்கும் என்று டார்வின் வினவுகிறார்.