பெரும்பாடு

ஞாயிறு பள்ளியில் 'பெரும்பாடுள்ள ஸ்திரீ' கதையைக் கேட்டபோது, அவள் ஏதோ பெரிய பாடு பட்டவள் என்றுதான் நினைத்தேன். டீச்சரும் விளக்கவில்லை. பெரும்பாடு என்பது அளவுமீறிய உதிரப்போக்குக்கு நம் வைத்தியத்தில் உள்ள பெயர் என்று தெரியவந்தபோது, நான் பெரியவளாகிப் பல வருடங்கள் ஆகியிருந்தன. இரத்தத்தை விட்டுவிட்டு விசுவாசத்தை மட்டும் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள்.

உடைந்துபோன மனிதரைக் கிறிஸ்தவ விசுவாசம் குணமாக்கும் என்று பிரசங்கங்கள் சொல்கின்றன. எனக்கு அதில் நெடுநாள் சந்தேகம் இருந்தது. சித்தப்பாவிடம் அடிபட்ட காலத்தில் எங்கள் சித்தி போதகரிடம் போனாள். பொறுமையாய் இரு, ஜெபம் பண்ணு, சிலுவையைச் சும என்று சொல்லித் திருப்பி அனுப்பினார். குணம் என்ற பெயரில் அவளுக்குக் கிடைத்தது மௌனம். பிறகு ஒருநாள் மாற்றுச் சேலையோடு எங்கள் வீட்டுக்கு வந்தவள் திரும்பிப் போகவே இல்லை. ஆனால் கோயிலுக்குப் போவதை மட்டும் நிறுத்தவில்லை. ஏன் என்ற கேள்வியோடுதான் மாற்கு 5ஆம் அதிகாரத்தை மறுபடி வாசித்தேன்.

பெயரில்லாத பெண். 12 வருட நோய். வைத்தியர்களிடம் கையிலிருந்ததையெல்லாம் செலவழித்தும் நோய் முற்றியதுதான் மிச்சம் என்று மாற்கு ஒளிவுமறைவில்லாமல் எழுதுகிறார். லூக்கா இதையே சொல்லும்போது, நோய் முற்றியதைச் சொல்லாமல், யாராலும் அவளைக் குணமாக்க முடியவில்லை என்பதோடு நிறுத்திக்கொள்கிறார். மாற்கு மட்டும் அவளுடைய முழு நஷ்டக் கணக்கையும் அவள் பக்கம் நின்று எழுதியதாகப் படுகிறது.

பிரசங்கிகள் இங்கே லேவியராகமத்தின் தீட்டுச் சட்டத்துக்குப் போய், யூத மதம் பெண்ணை ஒடுக்கியது, இயேசு விடுவித்தார் என்று முடித்துவிடுவார்கள். ஏமி-ஜில் லெவின் போன்ற யூதப் பெண் ஆய்வாளர்கள் இந்த வாசிப்பை எச்சரித்திருக்கிறார்கள். மாற்கு இந்தக் கதையில் தீட்டைப் பற்றி எதுவுமே சொல்லவில்லை. மாதவிலக்கு நாட்களில் பெண்ணை ஒதுக்கிவைக்கும் வீடுகள் நம் தெருவிலேயே இருக்கும்போது, பழியை இன்னொரு மதத்தின் மேல் போடுவது நமக்கு வசதி, அவ்வளவுதான்.

எனக்கு முக்கியமாகப் பட்டது வேறு. அவள் அனுமதி கேட்கவில்லை. கூட்டத்துக்குள் நுழைந்து, பின்னாலிருந்து வஸ்திரத்தைத் தொட்டாள். உதிரம் அப்போதே நின்றுவிட்டது. கதை அங்கேயே முடிந்திருக்கலாம். ஆனால் இயேசு நின்று, தொட்டது யார் என்று கேட்கிறார். ஜெப ஆலயத் தலைவனான யவீரு, சாகக் கிடக்கும் தன் மகளுக்காக அவரை அழைத்துப்போக வந்து காத்திருக்கிறான். அந்த அவசரத்தின் நடுவே, நடுங்கிக்கொண்டு வந்த ஒரு பெண் நடந்தது முழுவதையும் சொல்லி முடிக்கிறாள். அதற்குள் அந்தச் சிறுமி இறந்துவிட்ட செய்தி வருகிறது. பெண் பேசுவதைக் கேட்க நேரம் ஆகும் என்பதை இந்தக் கதை மறைக்கவில்லை.

அதன்பிறகே அவளுடைய விசுவாசம் அவளை இரட்சித்தது என்கிறார். இங்கே வரும் கிரேக்கச் சொல்லுக்குக் காப்பாற்றுதல், குணமாக்குதல் இரண்டும் பொருள். உடல் குணமானது தொட்டபோது. மனுஷியாகக் குணமானது, எல்லார் முன்னாலும் பேசியபோது. சித்திக்கு மறுக்கப்பட்டது இந்த இரண்டாவது பாதிதான்.

எனக்கு ஒரு நெருடலும் உண்டு. சுவிசேஷங்களில் இயேசு ஒரு தனிப் பெண்ணை 'மகளே' என்று நேராக அழைப்பது இந்த நிகழ்ச்சியில் மட்டும்தான். இனிய சொல்தான். ஆனாலும் அவள் பெயரை யாரும் கேட்கவில்லை, அவள் சொன்ன வார்த்தைகளையும் யாரும் எழுதிவைக்கவில்லை. தன் கதையைத் தானே எழுத ஒரு பெண் வரவேண்டியிருந்தது. ஏழைப் பிள்ளைகளுக்கு உழைக்கும் ஆசையில் கன்னியர் மடத்தில் சேர்ந்த பாமா, அங்கே சாதியைக் கண்டு வெளியேறினார். 1992இல் 'கருக்கு' வந்தது. பனங்கருக்கின் இருபக்கக் கூர்மையை அவர் எபிரெயர் நிருபத்தின் இருபுறமும் கருக்குள்ள வாளோடு சேர்த்துப் பார்த்தார். அடக்கி வைக்க எடுக்கப்பட்ட வேதமே, அறுத்து விடுவிக்கவும் ஆயுதமாகும் என்று நான் அதைப் புரிந்துகொள்கிறேன்.

போன லெந்து காலத்தில் இந்த அதிகாரத்தைச் சித்திக்கு வாசித்துக் காட்டி, இன்னும் எதற்குக் கோயிலுக்குப் போறீங்க என்று கேட்டேன். கீரை ஆய்ந்துகொண்டிருந்தவள் நிமிரவில்லை.

"அவ சொன்னத அவரு நின்னு கேட்டாருல்லா. அந்தப் போதகருதான் கேக்கல. அவருக்காவ இவர எதுக்கு விடணும்?"

கிறிஸ்துவின் வேதனைகளையும் நாம் 'பாடுகள்' என்றே சொல்கிறோம். பெண்ணின் உதிரத்துக்கும் அவர் மரணத்துக்கும் நம் மொழி ஒரே சொல்லை வைத்திருக்கிறது. பலிபீடத்தில் ஒன்றைச் சொல்லி, மற்றதைச் சொல்லக் கூசுகிற சபை யாரையும் குணமாக்கப்போவதில்லை. நின்று கேட்கிற விசுவாசம் குணமாக்கும். சித்தியைப் பார்த்த பிறகு இதைச் சொல்ல எனக்குத் தயக்கமில்லை.