தம்பியின் பெயரில் ஆறு பாடல்கள்: ஃபனி ஹென்சல் பற்றிய ஒரு நோக்கு

1842இல் பக்கிங்காம் மாளிகையில் விக்டோரியா மகாராணி, பெலிக்ஸ் மெண்டல்சோனின் பாடற்றொகுதியொன்றிலிருந்து 'இத்தாலி' என்னும் பாடலைத் தாமே தெரிந்து பாடினார். அது தம் தமக்கை ஃபனி இயற்றியது என்பதைப் பெலிக்ஸ் ஒப்புக்கொள்ள நேர்ந்தது. 1827இலும் 1830இலும் அவர் பெயரில் வெளிவந்த இரு தொகுதிகளில் தமக்கையின் பாடல்கள் ஆறு அடங்கியிருந்தன.

இதனைத் தம்பி தமக்கைக்கு இழைத்த அநீதியாக மட்டும் விளக்குவோர் உளர். அவ்விளக்கம் எமக்கு நிறைவளிப்பதன்று. தனிமனித குணவியல்புகளுக்கு அப்பால், அக்குடும்பத்தின் சமூக நிலையையும் நாம் நோக்குதல் வேண்டும்.

ஃபனி (1805–1847) யூத தத்துவஞானி மோசஸ் மெண்டல்சோனின் பேர்த்தி. செல்வமிக்க வங்கியாளரின் மகள். தந்தை ஆபிரகாம் 1816இல் தம் பிள்ளைகளுக்கு ஞானஸ்நானம் செய்வித்தார். யூதருக்குப் பல வாயில்கள் அடைபட்டிருந்த பிரஷ்யாவில், மதமாற்றம் மேற்குடிச் சமூகத்தினுட் புகும் வழியாயிற்று. எனினும் அவ்வழி மகனுக்கும் மகளுக்கும் ஒரே அளவில் திறக்கவில்லை. செல்டர் என்னும் ஒரே ஆசிரியரிடமே இருவரும் இசையமைப்பைக் கற்றனர். ஆயினும், இசை மகனுக்குத் தொழிலாகலாம், மகளுக்கு அணிகலனாகவே இருத்தல் வேண்டும் என்னும் கருத்துப்படத் தந்தை 1820இல் ஃபனிக்கு எழுதினார். புதிதாகப் பெற்ற கௌரவத்தைக் காக்கும் பொறுப்புப் பெண்ணின் அடக்கத்தின்மீது சுமத்தப்பட்டது எனலாம்.

வர்க்க நிலையும் ஈண்டு மனங்கொள்ளத்தக்கது. சமகாலத்தவரான கிளாரா ஷூமன் இசை ஆசிரியரின் மகள். மேடையில் வாசித்துப் பொருளீட்டியவர். இளமையிலேயே தம் பெயரில் ஆக்கங்களை வெளியிட்டவர். உழைத்துப் பிழைக்கவேண்டிய தேவையின்மை ஃபனிக்கு வசதியும் தளையும் ஒருங்கே ஆயிற்று.

ஆயினும் அவர் வாளாவிருந்தாரல்லர். பேர்லின் இல்லத்தில் ஞாயிறு இசையரங்குகளை நெறிப்படுத்தினார். பன்னிரு மாதங்களையும் பொருளாகக்கொண்ட 'ஆண்டு' என்னும் பியானோத் தொடரை 1841இல் ஆக்கினார். அவர்தம் ஆக்கங்கள் 450க்கும் மேற்பட்டவை. தம்பியின் விருப்பின்மையை அறிந்தும், 1846இல் தம் பெயரில் முதற்றொகுதியை வெளியிட்டார். அடுத்த ஆண்டு மே 14ஆம் நாள், இசையரங்கொன்றிற்கான ஒத்திகையின்போது நோயுற்று மறைந்தார்.

அவர் 1828இல் இயற்றிய 'உயிர்த்த ஞாயிறு' சொனாட்டா, 1970களில் பெலிக்ஸின் ஆக்கமெனவே ஒலிப்பதிவாயிற்று. கையெழுத்துப்படியை ஆராய்ந்து உண்மை நிறுவப்பட்டபின், 2012இலேயே அது ஃபனியின் பெயரில் அரங்கேறிற்று. இத்தவறுக்குத் தந்தையோ தம்பியோ பொறுப்பல்லர். ஆற்றல்மிக்க ஆக்கமொன்றைக் கண்டதும் ஆண் பெயரையே எண்ணும் வழக்கம் ஆய்வாளரையும் பற்றியிருந்தது. ஃபனியின் வரலாறு எம்போன்றோரிடம் கோருவது அனுதாபத்தையன்று. எமது ஆய்வு முறைகளின் மீள்பரிசோதனையையே.